வேதியியல் பட்டத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? வாசகர் கேள்வி–பதில்

வேதியியல் படிப்பின் செலவையும் அதன் வேலைமதிப்பையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்கு வரும் இடங்களில் எந்த நாட்டுப் பணத்தையும் சொல்லவில்லை. குறைந்த கட்டணக் கல்லூரி ஒன்றின் ஓராண்டுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற தொகைகளை அதை வைத்து அமைத்திருக்கிறோம். இவை எல்லாம் உதாரண எண்கள். உங்களுக்குத் தெரிந்த தொகைகளைப் போட்டு அதே கணக்கைத் திருப்பிச் செய்துபாருங்கள்.

கேள்வி: மூன்றாண்டு வேதியியல் பட்டப்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றின் கட்டணம் மற்றதைப்போல் இரண்டரை மடங்கு. பாடத்திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். அதிகக் கட்டணம் கட்டிச் சேர்வதில் அர்த்தம் உண்டா?

கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளை எடுத்து, லேப் கட்டணம், உடையும் கண்ணாடிச் சாமான்களுக்கான வைப்புத்தொகை, தேர்வுக் கட்டணம், அங்கி, பாதுகாப்புக் கண்ணாடி, கடைசி ஆண்டு புராஜெக்டுக்கான ரசாயனங்கள், வெளி லேபில் கொடுத்து எடுக்க வேண்டிய ஸ்பெக்ட்ரங்களுக்கான (பொருளை அடையாளம் காண உதவும் கருவி வரைபடங்கள்) கட்டணம், விடுதி, சாப்பாடு என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். பல கல்லூரிகளில் இந்தச் சில்லறை வரிகள்தான் கடைசி ஆண்டில் கழுத்தைப் பிடிக்கும்.

முதல் கல்லூரியில் கட்டணம் 100, சில்லறைச் செலவு 15, விடுதியும் சாப்பாடும் 120 என்றால் ஆண்டுக்கு 235. மூன்றாண்டுக்கு 705. இரண்டாவது கல்லூரியில் எல்லாம் சேர்ந்த கட்டணம் 250, விடுதி 120. ஆண்டுக்கு 370, மூன்றாண்டுக்கு 1110. வித்தியாசம் 405.

முதல் கல்லூரியில் கருவிகளைத் தொட வாய்ப்பே இல்லை, படிப்பு முடிந்ததும் ஆறு மாதம் வெளியே பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக் கட்டணம் 80. ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 300 என்றால், அந்த ஆறு மாதத்தில் இழக்கும் சம்பளம் 150. (சாப்பாட்டுச் செலவை இங்கே மறுபடி கூட்டக் கூடாது. வேலைக்குப் போயிருந்தாலும் சாப்பிட்டிருப்பீர்கள்.) 705 இப்போது 935 ஆகிவிட்டது. வித்தியாசம் 175ஆகச் சுருங்கிவிட்டது. இதோடு ஒரு அரியர் விழுந்து, வேலைக்குச் சேர்வது ஓராண்டு தள்ளிப்போனால் இன்னொரு 300 போகிறது. அப்போது மலிவான கல்லூரிதான் அதிகச் செலவு. கடைசி ஆண்டுக்குள் எல்லாத் தாள்களையும் முடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு கல்லூரிகளிலும் கேளுங்கள்.

முதல் கல்லூரியிலும் கருவிகள் இருந்து மாணவர்கள் அவற்றில் வேலை செய்கிறார்கள் என்றால் விவாதமே வேண்டாம், அங்கேயே சேருங்கள். அதைத் தெரிந்துகொள்ள நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கேள்வி: கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது? எல்லா லேபும் எங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பெற்றோர்கள் பெரும்பாலும் கட்டடத்தையும் விடுதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வேதியியல் துறைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வகுப்பு இல்லாத நாளில் போகாதீர்கள். லேப் நடந்துகொண்டிருக்கும் மதிய நேரத்தில் போங்கள்.

வாசலில் நின்று, ஒரு ப்யூரெட்டை, அதாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாயைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த ஒரு எண் நிறைய சொல்லிவிடும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 3 மணி நேரம், ஒரு செமஸ்டரில் 14 வாரம், ஆறு செமஸ்டர் என்றால் மொத்தம் 504 மணி நேரம். அட்டவணையில் எல்லாக் கல்லூரியும் இதைத்தான் காட்டும். நான்கு பேருக்கு ஒரு ப்யூரெட் என்றால் ஒருவர் கையில் வந்தது 126 மணி நேரம்தான். பக்கத்தில் நின்று பார்த்த நேரம் கைப்பழக்கம் ஆகாது.

முந்தைய கேள்வியில் வந்த இரண்டு கல்லூரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான கல்லூரியில் விடுதி நீங்கலாக மூன்றாண்டுச் செலவு 345. அங்கே நால்வருக்கு ஒரு ப்யூரெட் என்றால், கையில் வந்த ஒரு லேப் மணி நேரத்துக்கு 2.74 ஆகிறது. மற்றதில் 750 கட்டி, தனித்தனியாக 504 மணி நேரம் வேலை செய்தால் மணிக்கு 1.49தான். வேதியியல் பட்டத்தை இப்படித்தான் விலை பார்க்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர் முதலில் எடைபோடுவது உங்கள் கைப்பழக்கத்தை.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், அமெரிக்க வேதியியல் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறையைச் சொல்லலாம். அந்தச் சங்கத்தின் சான்று பெறும் பட்டத்துக்கு, அறிமுக நிலைப் பொது வேதியியல் லேபை விட்டுவிட்டு, அதற்கு மேல் 400 மணி நேர லேப் வேலை வேண்டும் என்றது அது. நீங்கள் எந்த நாட்டில் படித்தாலும் இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து கருவி அறை. ஹெச்.பி.எல்.சி. என்பது கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி. "ஹெச்.பி.எல்.சி. இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அதன் லாக்புக்கைப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் லேபில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவேடு இருக்கும். தேதி, பயன்படுத்தியவர் பெயர், எந்தப் பிரிகுழாய் (column), எந்தச் சோதனை மாதிரி, எத்தனை இன்ஜெக்‌ஷன், என்ன கோளாறு என்று அதில் வரி வரியாக எழுதியிருக்கும். இளநிலை மாணவர்களின் பெயர்கள் அதில் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஆசிரியர்களின் பெயர் மட்டும் மாறிமாறி வந்தால் அது மாணவர்களுக்கான கருவி இல்லை. கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வரும் வாரத்தில் மட்டும் பத்துப் பதிவு, மற்ற மாதங்களில் வெறும் பக்கம் என்றாலும் அதே கதைதான். பதிவேடே இல்லை என்றால் கருவி உறை போட்டுத் தூங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும்) கருவியின் பராமரிப்பைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி உண்டு. அதன் உள்ளே பெரும்பாலும் பொட்டாசியம் புரோமைடால் ஆன ஒளிப்பாகங்கள் இருக்கும். ஈரக்காற்று பட்டால் அவை மங்கிவிடும். அதனால் உள்ளே சிலிக்கா ஜெல் போன்ற ஈர உறிஞ்சி வைப்பார்கள். நிறம் காட்டும் நீல ஜெல் என்றால், ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகிவிடும். அது இளஞ்சிவப்பாகவே கிடந்தால் யாரும் கவனிப்பதில்லை என்று அர்த்தம். ஜி.சி. (வாயு ஓட்டத்தில் கலவையைப் பிரிக்கும் கருவி) இருந்தால், அதனோடு இணைந்த வாயு சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். முள் பூஜ்யத்தில் நின்றால் கருவி ஓடவில்லை. சிலிண்டர் சங்கிலியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஃப்யூம் ஹூட் (நச்சுப் புகையை வெளியேற்றும் அடைப்பு) ரசாயனப் புட்டிகளின் கிடங்காக மாறியிருக்கக் கூடாது. கண் கழுவும் குழாயைத் திறந்துபாருங்கள். துருப்பிடித்த தண்ணீர் வந்தால் மாதக்கணக்கில் யாரும் அதைச் சோதிக்கவில்லை.

என்.எம்.ஆர். (காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) இல்லையே என்று வருந்த வேண்டாம். அது விலையுயர்ந்தது, திரவ ஹீலியத்துக்கே தொடர்ந்து செலவாகும். இளநிலைப் படிப்புக்கு அது அவசியமும் இல்லை. யு.வி. (கரைசல் உறிஞ்சும் ஒளியை அளக்கும் கருவி), ஹெச்.பி.எல்.சி., பிஹெச் மீட்டர், நல்ல அனலிட்டிகல் தராசு, இந்த நான்கும் மாணவர் கைக்கு வந்தால் போதும்.

கேள்வி: ஒரு கல்லூரியின் விளம்பரத்தில் "90 விழுக்காடு மாணவர்களுக்கு வேலை" என்றும் சராசரிச் சம்பளம் என்று ஒரு பெரிய தொகையும் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

மூன்று கேள்வி கேட்டுவிட்டு நம்புங்கள்.

எத்தனை பேரில் 90 விழுக்காடு? 240 பேர் படித்து, 100 பேர் மட்டும் வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் கொடுத்து, அதில் 90 பேருக்கு வேலை கிடைத்திருந்தால் அதையும் 90 என்றே போடலாம். மொத்த வகுப்பில் அது 37.5 விழுக்காடுதான்.

சராசரியா, நடுமதிப்பா? ஒன்பது பேருக்கு 250, ஒருவருக்கு மட்டும் 1500 என்றால் சராசரி 375. வகுப்பில் யாருமே 375 வாங்கவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளம் 250. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது, என்ன வேலை? வேதியியல் படித்தவரை தொலைபேசி விற்பனைக்கு எடுத்தாலும் வேலைவாய்ப்புக் கணக்கில் ஒரு எண் கூடும். அந்த வேலை குறைவானது என்று சொல்ல வரவில்லை. அதற்கு மூன்றாண்டு லேப் கட்டணம் கட்டியிருக்க வேண்டியதில்லை. வேதியியல் துறையில் மட்டும் கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தப் பதவிப் பெயர்களில் ஆள் எடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். க்யூ.சி. (தரக்கட்டுப்பாட்டு) அனலிஸ்ட், புரொடக்‌ஷன் கெமிஸ்ட், ஆவணப் பிரிவு, சுற்றுச்சூழல் சோதனை லேப் போன்ற பெயர்கள் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: வேதியியல், தொழில் வேதியியல், கெமிக்கல் இன்ஜினீயரிங். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதானே? எதற்கு மதிப்பு அதிகம்?

ஒன்றல்ல. குறிப்பாக மூன்றாவது வேறு ஜாதி.

வேதியியல் பட்டம், ஒரு மூலக்கூறு ஏன் இப்படி நடந்துகொள்கிறது, அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைக் கற்றுத்தருகிறது. கெமிக்கல் இன்ஜினீயரிங், அதே வினையை ஆயிரம் மடங்கு பெரிதாக, வெடிக்காமல், லாபத்தோடு நடத்துவது எப்படி என்று கற்றுத்தருகிறது. அங்கே வெப்பம், ஓட்டம், பிரித்தெடுத்தல், அழுத்தம், கணிதம்தான் பாடம். வினைகளின் நுட்பம் குறைவு.

ஏன் அதற்குத் தனிப் படிப்பு? ஒரு லிட்டர் குடுவையில் சூடு உண்டாக்கும் வினை அமைதியாக நடக்கிறது. அதே வடிவத்தில் 1000 லிட்டர் கலனுக்குப் போனால் கொள்ளளவு 1000 மடங்கு கூடும். சூட்டை வெளியேற்றும் சுவரின் பரப்பு 100 மடங்குதான் கூடும். ஆக ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. குடுவையில் தானாக ஆறிய கலவை, கலனில் கட்டுமீறிச் சூடேறும். அதைக் கணக்கிட்டுக் குளிர்விப்பவருக்கு ஆலையில் பொறுப்பும் அதிகம், சம்பளமும் பெரும்பாலும் அதிகமாகவே தொடங்கும். படிப்பு ஓராண்டு கூடுதல், கட்டணமும் கூடுதல் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கணிதம் பிடித்தவர்கள் அங்கே போகலாம். "வேதியியல் பிடிக்கும், கணக்கு வராது" என்பவர்கள் இன்ஜினீயரிங்கில் சேர்ந்து திணறுவதை விட வேதியியலில் நன்றாகத் தேறுவது மேல். (வேதியியலிலும் கணக்கிலிருந்து முழுக்கத் தப்ப முடியாது. இயற்பு வேதியியல் காத்திருக்கிறது.)

தொழில் வேதியியல், பயன்பாட்டு வேதியியல் என்ற பெயர்களைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். பாடத்திட்டத்தில் ஆலைப் பயிற்சிக்கு எத்தனை வாரம் என்று பாருங்கள். எட்டு வாரத்துக்கு மேல் இருந்து, அதற்கு மதிப்பெண்ணும் உண்டென்றால் அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கிறது. பெயிண்ட், பாலிமர், சாயம் என்று நான்கு விருப்பப் பாடங்களைச் சேர்த்து, லேபைப் பழையபடியே வைத்திருந்தால் சாதாரண வேதியியலை விட ஒரு காசுகூட அதிகம் தர வேண்டாம். மேற்படிப்பு எண்ணம் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: சில முதுகலைச் சேர்க்கைகளில் இந்தப் பெயர் மாற்றமே தடையாகிவிடும்.

கேள்வி: கல்விக் கடன் வாங்கித்தான் சேர முடியும். எவ்வளவு வரை வாங்கலாம்?

மேலே சொன்ன 250 கட்டணக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 250 கடன், வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு, படிக்கும்போது எதுவும் கட்டுவதில்லை. வாங்கியது 750. மூன்றாம் ஆண்டு முடிவில் நிற்கும் தொகை 910. முதல் ஆண்டுக் கடனுக்கு மூன்றாண்டு வட்டி ஏறிவிட்டது, அதுதான் காரணம். இதை ஐந்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 19.3. ஆண்டுச் சம்பளம் 300, அதாவது மாதம் 25 என்றால் முக்கால் பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். பத்தாண்டாக நீட்டினால் தவணை 12ஆகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 1440ஐத் தாண்டியிருக்கும்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் முதலாண்டில் 25, அடுத்து 50, அடுத்து 75. பிறகு ஐந்தாண்டுத் தவணை சுமார் 16. உதவிதான், ஆனாலும் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 6.25. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், இதே வட்டியில், ஐந்தாண்டுத் தவணையில் ஆண்டுக்குச் சுமார் 80 வரை கடன் வாங்கலாம், மூன்றாண்டுக்கு 240. அதாவது மொத்தக் கடன், முதலாண்டுச் சம்பளமாக நீங்கள் நியாயமாக எதிர்பார்ப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. வேதியியல் பட்டதாரியின் சம்பளம் பெரும்பாலும் மெதுவாகத் தொடங்கி, அனுபவம் சேரச் சேரக் கூடுவது. முதல் ஐந்தாண்டில் கடன் நெருக்கினால், கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள லேபை விட்டு, சற்றுக் கூடுதல் சம்பளம் தரும் எந்த வேலைக்காவது ஓட வேண்டிவரும். கடனின் உண்மையான விலை அதுதான்.

ஆகவே லேப் மணிக் கணக்கில் நல்ல கல்லூரியாக இருந்தாலும், உதவித்தொகையோ சேமிப்போ இல்லாமல் முழுக்கக் கடனில் அங்கே போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சிக்கனமான கல்லூரியில் சேர்ந்து குறையை நிரப்புங்கள். அதற்கான வழி அடுத்த பதிலில்.

கேள்வி: நான் ஏற்கெனவே வசதி குறைந்த கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹெச்.பி.எல்.சி.யைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்? எப்படித் தயாராவது?

முதலில், உங்களிடம் இருப்பதை முழுதாகப் பயன்படுத்துங்கள். நேர்முகத் தேர்வில் பெரும்பாலோர் தடுமாறுவது கருவியில் இல்லை, கரைசல் தயாரிப்பில். "0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர் எப்படித் தயாரிப்பீர்கள்?" என்பது மிகச் சாதாரணமான கேள்வி. 37 விழுக்காடு அடர் அமிலம் சுமார் 12 மோலார். ஆகவே சுமார் 8.3 மி.லி. எடுத்து, குடுவையில் முன்பே இருக்கும் தண்ணீரில் ஊற்றி, கலக்கி, ஆறவைத்து, ஒரு லிட்டர் குறிவரை நிரப்ப வேண்டும். இதோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண். "இது ஏறத்தாழ 0.1தான். அடர் அமிலத்தின் செறிவு புட்டிக்குப் புட்டி மாறும். அதனால் உலர்த்திய சோடியம் கார்பனேட்டை வைத்து டைட்ரேட் செய்து (சொட்டுச் சொட்டாக விட்டு வினை முடியும் அளவைப் பார்த்து) சரியான மதிப்பைக் கண்டுபிடிப்பேன்" என்று சொன்னால்தான் முழு மதிப்பெண். சோடியம் ஹைட்ராக்சைடை ஏன் எடை போட்ட உடனே நம்ப முடியாது என்பதும் அடிக்கடி வரும். அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். எடையில் ஒரு பகுதி காரமே இல்லை. 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) கரைசலிலிருந்து 10 பி.பி.எம். 100 மி.லி. வேண்டும் என்றால் 1 மி.லி. எடுத்து 100க்கு நிரப்ப வேண்டும். இதைத் தாள் இல்லாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

ஹெச்.பி.எல்.சி.யைத் தொடாமலேயே அதன் கோளாறுகளைக் கற்கலாம். "பம்ப் அழுத்தம் திடீரென ஏறுகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். டிடெக்டர் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் அழுத்தம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அடைப்பு அங்கேதான். மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு, பாஸ்பேட் பஃபர் (பிஹெச் மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) ஓடிய பிரிகுழாயில் நேராக நூறு விழுக்காடு அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை விடுவது. உப்பு அதில் கரையாது, பிரிகுழாய்க்குள்ளேயே படிகமாகி அடைத்துவிடும். முதலில் பத்துப் பங்கில் ஒன்பது தண்ணீர், ஒன்று கரைப்பான் என்ற கலவையால் பஃபரை வெளியேற்றிவிட்டு, அப்புறம் கரைப்பானைக் கூட்ட வேண்டும். ஒரே ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலை) ஆறு முறை செலுத்தி, வரைபட முகடுகளின் பரப்புகளில் ஒப்புத் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 2 விழுக்காட்டுக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே மாதிரிகளை ஓட்டுவது மருந்து லேபுகளின் வழக்கம். இதை எதற்குச் செய்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்த புதியவர்கள் குறைவு. கருவி இன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் மாதிரியின் எண்ணை நம்ப முடியாது.

மூன்றாவது, எழுதும் பழக்கம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. இன்று முதல் லேப் நோட்டில் பேனாவால் மட்டும் எழுதுங்கள். தராசு காட்டியதை அந்த நிமிடமே நோட்டில் எழுதுங்கள், துண்டுத் தாளில் எழுதிப் பிறகு பிரதி எடுக்காதீர்கள். தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை தடவக் கூடாது. மருந்துத் துறை லேபில் புதியவரின் வேலை போவதற்கு வேதியியல் தெரியாதது அரிதாகவே காரணம். பதிவைத் திருத்தியது, பிறகு நிரப்பியது, பிடிக்காத முடிவைச் சொல்லாமல் விட்டது, இவைதான் காரணம்.

கடைசி ஆண்டுக்கு முந்தைய விடுமுறையில் நான்கு முதல் எட்டு வாரம் ஒரு சோதனை லேபில் இன்டர்ன்ஷிப் தேடுங்கள். தண்ணீர், உணவு, சிமெண்ட், உரம் எதுவானாலும் சரி. ஐ.எஸ்.ஓ. 17025 (சோதனை லேபுகளின் திறனுக்கான உலகத் தர நெறி) அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் இன்னும் நல்லது. அளவுத் திருத்தம், அளவீட்டு ஐயப்பாடு, மாதிரியைப் பெற்றது முதல் அறிக்கை வரை தடம் வைப்பது, எல்லாவற்றையும் அங்கே கண்ணால் பார்ப்பீர்கள். பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் தரும் இடங்களும் உண்டு. "நான் எந்தக் கருவியில், நாளுக்கு எத்தனை மாதிரி செய்வேன்?" என்று கேட்டு, தெளிவான பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

கேள்வி: இளநிலை முடித்ததும் வேலைக்குப் போகவா, எம்.எஸ்சி. படிக்கவா?

முதுகலை முடித்தவரின் சம்பளத்தைப் புதிதாகச் சேரும் இளநிலைப் பட்டதாரியின் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். அந்த இரண்டு ஆண்டும் வேலை பார்த்த இளநிலைப் பட்டதாரியோடு ஒப்பிடுங்கள்.

முதுகலைக் கட்டணம் ஆண்டுக்கு 150, இரண்டாண்டுக்கு 300. இழக்கும் சம்பளம் முதலாண்டு 300, இரண்டாமாண்டு 320. ஆக உண்மைச் செலவு 920. முடித்ததும் 420 கிடைக்கிறது, அனுபவம் பெற்ற இளநிலைக்காரர் 350 வாங்குகிறார் என்றால் வித்தியாசம் 70. இந்த வேகத்தில் 920 திரும்பி வர 13 ஆண்டு ஆகும். பகுப்பாய்வு வேதியியலில் முதுகலை முடித்து, சோதனை முறை உருவாக்கும் பிரிவில் 500க்குச் சேர்ந்தால் வித்தியாசம் 150. ஆறாண்டில் வந்துவிடும்.

தரக்கட்டுப்பாட்டு லேபில் ஏற்கெனவே எழுதிவைத்த முறையை ஓட்டுவதற்கு இளநிலை போதும். புதிய முறையை உருவாக்க, ஆய்வுப் பிரிவில் சேர, கல்லூரியில் கற்பிக்க எல்லாம் முதுகலை வேண்டும். இவற்றில் ஒன்று உங்கள் இலக்காக இல்லாவிட்டால் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எதில் முதுகலை வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

லேப் பிடிக்கவில்லை, வேதியியல் பிடிக்கும் என்பவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. ஒழுங்குமுறை ஆவணங்கள், காப்புரிமை, ரசாயனப் பாதுகாப்புத் தரவுத்தாள் தயாரிப்பு போன்ற வேலைகள். பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அமைப்பில் பாதுகாப்புத் தரவுத்தாளுக்கு 16 பிரிவுகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் (ரசாயனங்களைப் பதிவு செய்து மதிப்பிடும்) விதிகள் 2007இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அங்கே ரசாயனம் விற்கும் நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். இதற்கு மேலும் இரண்டாண்டுப் பட்டம் கட்டாயமில்லை. தெளிவாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் வேதியியல் முனைவர் பட்டத்துக்குப் பெரும் தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம். வேதியியலில் முழுநேர முனைவர் படிப்பு பெரும்பாலும் சம்பளம் போன்ற உதவித்தொகையோடு வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேதியியல் முனைவர் மாணவர்களுக்குக் கட்டண விலக்கும், கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கான தொகையும் சேர்ந்து கிடைப்பதே வழக்கம். அங்கே பெரும்பாலும் முதுகலை இல்லாமலேயே, இளநிலையிலிருந்து நேராக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் முனைவர் மாணவர் பலரும் பல்கலைக்கழக ஊழியராகவே சம்பளம் வாங்குகிறார்கள். பணம் கேட்கும் இடத்தில், வழிகாட்டியிடம் ஆராய்ச்சி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். நிதி இல்லாத லேபில் கரைப்பான் வாங்கவும் காத்திருக்க வேண்டும். ஆண்டுகள் நீண்டுவிடும்.

கேள்வி: முழுக்க இணையவழியில் வேதியியல் பட்டம், பாதிச் செலவில். மதிப்பு உண்டா?

பாடம் கேட்க இணையம் போதும். பிப்பெட் பிடிக்கப் போதாது. ஆண்டுக்குச் சில வாரமாவது நேரடி லேப் முகாம் வைக்கும் படிப்பு என்றால் யோசிக்கலாம். முழுவதும் திரையில்தான் என்றால், லேப் வேலைக்கான விண்ணப்பத்தில் அது நிற்காது. கற்பித்தல், எழுத்து, விற்பனை போன்ற வழிகளுக்கு அது உதவக்கூடும். ஆனால் உங்கள் நாட்டில் அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்பதைச் சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. வேதியியல் படிக்கலாமா? கட்டணம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தாராளமாகப் படிக்கலாம். சிரமம் வருவது நிறம் பார்த்து முடிவுப் புள்ளி காணும் டைட்ரேஷன்களிலும், உப்புப் பகுப்பாய்வின் சுடர் நிறங்களிலும்தான். சேரும்போதே துறைத் தலைவரிடம் சொல்லி, பிஹெச் மின்முனை வைத்துச் செய்யும் டைட்ரேஷனுக்கு அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு மி.லி.க்கும் பிஹெச் மதிப்பைக் குறித்து வரைபடம் போட்டால், கோடு செங்குத்தாக எழும்பும் இடமே முடிவுப் புள்ளி. நிறங்காட்டியைக் கண்ணால் பார்ப்பதை விட இது துல்லியமானது. ஆலைகளில் இதைத் தானாகச் செய்யும் டைட்ரேட்டர்களே அதிகம். பகுப்பாய்வுக் கருவிகள் தரும் முடிவுகளும் எண்ணாகவே வரும். சில ஆலைகளிலும் அரசுப் பணிகளிலும் சேரும்போது நிறப்பார்வைச் சோதனை வைப்பார்கள். அப்படிப்பட்ட வேலைதான் இலக்கு என்றால் அதன் மருத்துவத் தகுதி விதிகளை இப்போதே படித்துவிடுங்கள். வாயு சிலிண்டர்களை நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் காணாமல், லேபிளைப் படித்த பிறகே வால்வைத் திறக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்து ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.